குதிரைக்குக் காலுக்கு ஒரே விரல்!

கையை மேஜை மேல வைங்க. நடுவிரல் நுனி மட்டும் தொடுற மாதிரி தூக்குங்க. மொத்த உடம்பும் அந்த ஒரு விரல்ல நின்னா எப்படி இருக்கும்? குதிரை நிற்பதும் ஓடுவதும் அப்படித்தான். குளம்புங்கிறது அதோட நடுவிரல் நகம்!

மத்த விரல்கள்? சுமார் ஒரு கோடி வருஷத்துக்கு முன்னால, இமயமலை அடிவாரத்து சிவாலிக் பகுதியில் ஹிப்பேரியன் குதிரைகள் மேய்ந்தன. இன்றைய குதிரைக்குத் தாத்தா இல்லை, பங்காளி முறை. அதுக்குக் காலுக்கு மூணு விரல். நடுவிரல் பெரிசு, ரெண்டு பக்கமும் குட்டிக் குளம்போட சின்ன விரல்கள்.

இன்றைய குதிரையிலும் அந்த அடையாளம் முழுசா அழியலை. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பை ஒட்டி, ரெண்டு பக்கமும் குச்சி மாதிரி எலும்புகள் இருக்கும். பக்க விரல்களைத் தாங்கிய எலும்புகளோட மிச்சம் அது. அங்கே வீங்கினா, இளங்குதிரை நொண்டும்.

'நமக்கென்ன?'ங்கிறீங்களா? 13-ம் நூற்றாண்டில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில், அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலா வந்து இறங்கின. பாண்டியர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள். ஆனா, பராமரிக்கத் தெரிஞ்ச ஆளில்லாம அவை செத்துப்போனதா மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

இன்னைக்கு நெல்லையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 2012-ல் தொடங்கியது. கால்நடை மருத்துவம் படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தா, குதிரைக் கால் எலும்பைக் காட்டச் சொல்லுங்க. அந்தக் குச்சிகளைத் தொட்டுப் பாருங்க. தொலைஞ்ச விரல்கள் கையில தட்டுப்படும்!