துணைவேந்தர் நாற்காலியிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடம் வரை

கடந்த முப்பது ஆண்டுகளில் நம் குமரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகளில் படித்து வெளியேறியவர்களின் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனையோ துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் பதவி முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மக்கள் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது ஒருவரைத்தான். முனைவர் வே. வசந்தி தேவி. 2025 ஆகஸ்ட் 1 அன்று, தம் 86ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

துணைவேந்தர் பதவிக்காலம் மூன்றாண்டு. வசந்தி தேவி 1992 முதல் 1998 வரை, அடுத்தடுத்து இரண்டு முறை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அவரை மிஞ்சியவர்கள் உண்டு. ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஒருவர் எத்தனை ஆண்டு நாற்காலியில் இருந்தார் என்பது ஒரு கணக்கு. நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு யாருடைய பக்கத்தில் போய் நின்றார் என்பது இன்னொரு கணக்கு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான்.

மயிலாடியும் வெங்ஙானூரும்

பல்கலைக்கழகம் யாருக்கு உரியது என்ற கேள்வி நம் மண்ணில் புதிதல்ல. 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி தென் திருவிதாங்கூருக்குள் வருவதற்குக் காரணமாக இருந்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம். சாம்பவர் குலத்தில் பிறந்தவர். 1809இல் மயிலாடியில் விதைத்த கல்விதான் பின்னாளில் நாகர்கோவிலுக்கு வந்து வளர்ந்து, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியானது. இன்று அந்தக் கல்லூரி வாசலைக் கடந்து செல்லும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அதன் வேர் ஒரு தலித் மனிதரின் ஊரில் இருக்கிறது என்று?

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றார் அய்யன்காளி. பள்ளிக்கே தீ வைத்தார்கள் ஆதிக்கச் சாதியினர். அதே அய்யன்காளியை 1937 ஜனவரியில் வெங்ஙானூரில் காந்தி சந்தித்தபோது, சாவதற்குள் தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்பதையே தம் ஆசையாகச் சொன்னார் அந்தப் பெரியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஆண்டு நவம்பரில்தான் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

அங்கு ஆங்கில இலக்கியம் படித்து 1943இல் முதலிடம் பெற்றார் கே.ஆர். நாராயணன். பின்னாளில் தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1997இல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். கதவு திறந்தால் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

1956இல் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். நம் கல்லூரிகள் முதலில் சென்னையோடும், பிறகு மதுரையோடும் இருந்தன. 1990இல்தான் நெல்லையைத் தலைமையிடமாகக் கொண்டு நமக்கென்று பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. வந்த இரண்டாண்டுகளில் அதன் பொறுப்பு வசந்தி தேவியின் கைக்குப் போனது.

எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள்

திண்டுக்கல்லில் 1938இல் பிறந்த அவருடைய பாட்டனார் சக்கரைச் செட்டியார், சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கியவர். வசந்தி தேவி வரலாறு படித்தார். அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிரியர் சங்கப் போராட்டங்களில் முன்நின்றார். கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். சங்கத்திலும் வகுப்பறையிலும் கற்ற பாடத்தோடுதான் துணைவேந்தர் நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடியது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்ததற்காகத் தென்மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. சாதி ஊரில் மட்டும் நிற்பதில்லை. பேருந்தில் ஏறுகிறது, விடுதிக்கு வருகிறது, வகுப்பறை பெஞ்சில் உட்காருகிறது. அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தில், ஒரு பெண் பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்து கல்வி என்பது சமூகத்தைப் பார்க்கக் கற்றுத்தருவது என்று பேசினார்.

அந்தச் சிந்தனையை நம் நாகர்கோவில்காரர் ஒருவர் ஆவணமாக்கியிருக்கிறார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் ‘தமிழகத்தில் கல்வி’ என்ற நூலாகக் காலச்சுவடு பதிப்பகத்தில் வெளிவந்தது. கல்வியியல் படிக்கும் மாணவர்கள் தேடி வாசிக்க வேண்டிய நூல்.

இறங்கி வந்தவர்

பதவி முடிந்தவுடன் பல துணைவேந்தர்கள் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஆலோசகராகப் போவதைப் பார்க்கிறோம். வசந்தி தேவி போன வழி வேறு. 2002 முதல் 2005 வரை மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி வேண்டும் என்று உழைத்தார். அரசுப் பள்ளிகளைக் காக்கப் பள்ளிக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

பல்கலைக்கழகத்தை நடத்தியவர் ஏன் தொடக்கப் பள்ளிக்கு வந்தார்? ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போவதும் போகாமல் இருப்பதும் துணைவேந்தர் அறையில் முடிவாவதில்லை. ஊர்ப் பள்ளியில், மூன்றாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில் முடிவாகிவிடுகிறது. இதைக் கண்ணால் கண்டவர் மேலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

2016 சட்டமன்றத் தேர்தலில், 77 வயதில், ஆர்.கே. நகர் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் வேட்பாளராக நின்றார். எதிரில் நின்றவர் முதலமைச்சர் ஜெயலலிதா. வசந்தி தேவி துணைவேந்தரானதும், ஆணையத் தலைவரானதும் ஜெயலலிதா முதல்வராக இருந்த காலத்தில்தான். பதவிக்கு நன்றி சொல்லி வாய்மூடி இருக்க அவர் நினைக்கவில்லை. வைப்புத்தொகை கூடத் திரும்பவில்லை. ஆனால் தலித் இயக்கம் ஒன்றின் சின்னத்தில், தலித் அல்லாத ஒரு கல்வியாளர் மனமுவந்து நின்றார் என்பது நம் அரசியலில் அடிக்கடி நடப்பதல்ல. தலித் வாக்கு எல்லாருக்கும் வேண்டும். தலித் தலைமையின் கீழ் நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நமக்கு விட்டுச் சென்ற வேலை

அஞ்சலிக் கூட்டம் நடத்திப் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது. அவர் விட்ட இடத்தில் நம் ஊரில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்களின் அளவுக்கு ஏற்ப இடம் தர வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தக் குழு கூடுகிறதா? நம் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா அதில் இருக்கிறாரா? வெறும் கையெழுத்துக்காகவா, பேசவா? பதில் சரியில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

இரண்டு, உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 1950ஆம் ஆண்டு ஆணையால் கிறித்தவரான தலித் மக்கள் பட்டியல் சாதி உரிமையை இழந்து நிற்கிறார்கள். நம் மாவட்டத்தில் இது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காயம். ஆனாலும் மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. தெரியாமல் விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

மூன்று, கல்லூரிக்குள் அவமதிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும். தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாளைக்கே கேளுங்கள். 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். இன்னொருவரை இழக்கக் கூடாது. மனம் உடைந்தால் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள், நம் அமைப்புகளிடம் வாருங்கள்.

அய்யன்காளி கேட்டது பத்து பி.ஏ. இன்று நம் ஒரே குடியிருப்பில் பத்துப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தால், ஊர்ப் பள்ளி நிமிரும். துணைவேந்தராக இருந்த ஒரு பெண்மணி எண்பது வயது கடந்தும் செய்த வேலை அது. இருபது வயதில் இருக்கும் நமக்கு அதைத் தொடர என்ன தடை?