தோற்ற அணிக்கு ஒரு புள்ளி

மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரத்தோடு இளையோருக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் நீண்ட பருவம் முடிவடைய இருக்கும் இவ்வேளையில், ஒஷாவா ஜெனரல்ஸ் அணியைத் தங்கள் ஊர் அணியாகவே வரித்துக்கொண்டுவிட்ட ஏஜக்ஸ், விற்பி, ஸ்காபரோ வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்கள், எழுதியவர்கள் வேறு வேறாயினும், ஒரே சந்தேகத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்கள் அதிகமாயிருக்கும் ஓர் அணி, புள்ளிப் பட்டியலில் மட்டும் 'பாதிக்கு மேல்' நிற்பது எவ்வாறு? ஏஜக்ஸிலிருந்து எழுதியிருக்கும் பெரியவர் ஒருவர், தம் பேரன் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அப்பப்பாவாகிய தமக்கு விடை சொல்லத் தெரியாமற் போயிற்று என்று வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார். அவர் வருந்த வேண்டியதில்லை. கணக்கு அறிந்த ஒருவரும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொள்ள முடியாதபடி அமைந்திருப்பது அந்தப் பட்டியலின் குற்றமேயன்றி அவருடைய குற்றமன்று.

வென்றால் இரண்டு புள்ளி என்பதை எல்லோரும் அறிவர். அறுபது நிமிஷத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை என்பதையும் அறிவர். ஆனால் அறுபது நிமிஷம் முடிந்தும் இரு அணிகளும் சமமாக நின்று, பக்கத்துக்கு மூவராக ஐந்து நிமிஷ மேலதிக நேரம் ஆடியோ, அதற்கும் பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பக்கைக் கொண்டு சென்று அடிக்கும் ஷூட்அவுட்டிலோ ஆட்டம் தீர்மானிக்கப்படுமானால், தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. குழப்பம் யாவும் இந்த ஒற்றைப் புள்ளியிலிருந்தே பிறக்கிறது. இதன் பூர்வோத்தரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

பெரியவர்களின் தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு காலத்தில் ஆட்டங்கள் சமநிலையில் முடிவதுண்டு; முடிந்தால் இருவருக்கும் ஒவ்வொரு புள்ளி. 1983-84 பருவத்திலிருந்து ஐந்து நிமிஷ மேலதிக நேரம் நடைமுறையில் இருந்தபோதிலும், அந்த ஐந்து நிமிஷத்தில் தோற்றால் கையிலிருந்த புள்ளியும் போய்விடும் என்ற அச்சத்தால் அணிகள் முன்னேறித் தாக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு நின்றன. அந்த அச்சத்தைப் போக்கவே 1999-2000 பருவத்தில், மேலதிக நேரத்தில் தோற்றாலும் அந்த ஒரு புள்ளி போகாது என்று விதி செய்யப்பட்டது. யோசித்துப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான உபாயமே: சமநிலைக்குரிய புள்ளி இருவருக்கும் நிச்சயமாகிவிட்டது, இனி எஞ்சிய ஒரு புள்ளிக்காகத் துணிந்து ஆடலாம். ஆனால் 2005-06 பருவத்தில் ஷூட்அவுட் வந்து, சமநிலை என்பதே ஆட்டத்திலிருந்து ஒழிந்தபோது, சமநிலைக்கு ஈடாகத் தரப்பட்ட அந்தப் புள்ளிக்கும் ஆதாரம் இல்லாமற் போயிற்று. காரணம் மறைந்தது, காரியம் மட்டும் நிலைத்துவிட்டது. இளையோர் லீக்குகளும் பெரியவர்களின் வழியையே பின்பற்றின.

இதன் விளைவாக, எல்லா ஆட்டங்களும் ஒரே பெறுமதி உடையவையல்ல என்னும் விசித்திரமான நிலை உண்டாயிற்று. அறுபது நிமிஷத்துக்குள் தீர்ந்த ஆட்டம் லீக்குக்கு இரண்டு புள்ளிகளைத் தருகிறது. தீராத ஆட்டம் மூன்றைத் தருகிறது. இருபது அணிகள் ஆளுக்கு 68 ஆட்டங்கள் ஆடினால் மொத்தம் 680 ஆட்டங்கள். அவற்றில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 170 ஆட்டங்கள், மேலதிக நேரத்துக்குச் சென்றன என்று ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். அப்போது வழங்கப்படும் புள்ளிகள் 1,530, ஓர் அணியின் சராசரி எழுபத்தாறரை. ஓர் அணி பெறக்கூடிய 136 புள்ளிகளில் பாதி 68 என்பதை நினைவிற் கொண்டால், சராசரி அணியே பாதியை எட்டரைப் புள்ளியால் தாண்டி நிற்பதைக் காண்கிறோம். 'நாங்கள் பாதிக்கு மேல் இருக்கிறோம்' என்று ஓர் அணியின் நிர்வாகம் அறிவிக்கும்போது, அந்த அறிவிப்புப் பொய்யன்று. ஆயினும் அது தெரிவிப்பதாகத் தோன்றும் செய்தியை உண்மையில் தெரிவிப்பதில்லை.

ஏஜக்ஸ் பெரியவரின் பேரனுக்குச் சொல்லக்கூடிய கணக்கு இது. ஓர் அணி 34 ஆட்டங்களில் ஜயித்து, 34 ஆட்டங்களில் அறுபது நிமிஷத்துக்குள் தோற்றது: அதற்கு 68 புள்ளி. இன்னோர் அணி 30 ஆட்டங்களில் ஜயித்து, 28 ஆட்டங்களில் அறுபது நிமிஷத்துக்குள் தோற்று, 10 ஆட்டங்களில் அதற்குப் பின் தோற்றது: அதற்கு 70 புள்ளி. நான்கு ஆட்டங்கள் குறைவாக வென்று, நான்கு ஆட்டங்கள் அதிகமாகத் தோற்ற அணி, மற்றதன் தலைக்கு மேல் அமர்ந்துவிடுகிறது. பட்டியலில் அதன் தோல்விகள் ஒரே பத்தியில் 38 என்று எழுதப்படாமல், 28 ஓரிடத்திலும் மிச்சம் வேறு பத்திகளிலுமாகப் பிரித்து எழுதப்படுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு 30-க்கு எதிரே 28 மட்டுமே தெரிகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று எண்ணுவோருக்கு, பெரியவர்களின் லீக்கில் 2011-12 பருவத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். புளோரிடா பாந்தர்ஸ் அணி 38 ஆட்டங்களில் வென்று 44 ஆட்டங்களில் தோற்றது. அந்த 44-ல் 18 மேலதிக நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ நேர்ந்தவை. அதே பிரிவில் இருந்த வாஷிங்ரன் 42 ஆட்டங்களில் வென்றது, 40-ல் தோற்றது. பிரிவின் முதல் ஸ்தானம் 94 புள்ளிகளோடு புளோரிடாவுக்கே சென்றது. வாஷிங்ரனுக்குக் கிடைத்தவை 92. அதோடு விஷயம் முடியவில்லை. பிரிவில் முதல்வன் என்ற காரணத்தால் புளோரிடா மூன்றாம் வரிசையில் வைக்கப்பட, 102 புள்ளி பெற்றும் வேறொரு பிரிவில் பின்தங்கிய நியூ ஜேர்சி டெவில்ஸ் ஆறாம் வரிசைக்குத் தள்ளப்பட்டது. இருவரும் முதற் சுற்றிலேயே மோதினார்கள். ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது மேலதிக நேரத்தில் வென்றது நியூ ஜேர்சி. நமது இளையோர் லீக்கிலும் கிழக்கு, மேற்கு என்ற ஒவ்வொரு பாதியின் இரு பிரிவு முதல்வர்களுக்கு முதலிரண்டு வரிசைகள் ஒதுக்கப்படுவதால், இந்தச் சரித்திரம் நம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று.

என் மனத்தை அதிகமாக வருத்துவது இதைக் காட்டிலும் வேறொன்று. இந்தப் புள்ளி, அதைப் பெறும் இருவரையும் விட, அந்த ஆட்டத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாமவரைத்தான் தண்டிக்கிறது. பிளேஓஃபுக்குள் நுழையும் கடைசி இடமாகிய எட்டாம் ஸ்தானத்துக்காக மூன்று அணிகள் போராடுவதாகக் கொள்ளுங்கள்; இரண்டுக்குத் தலா 70 புள்ளி, துரத்தி வரும் நம் அணிக்கு 68. முந்திய இரண்டும் ஒன்றோடொன்று ஆடும் அதே இரவில் நம் பிள்ளைகள் வேறிடத்தில் வெல்கிறார்கள். அங்கே ஆட்டம் அறுபது நிமிஷத்தில் தீர்ந்தால் தோற்றவர் 70-லேயே நிற்க, நாம் அவரைப் பிடித்துவிடுகிறோம். ஆட்டம் நீண்டுவிட்டாலோ, 72, 71 என்று இருவரும் முன்னேற, வென்ற பின்னரும் நாம் இருவருக்கும் கீழேயே இருக்கிறோம். பேருந்தில் நள்ளிரவில் வீடு திரும்பும் பதினாறு, பதினேழு வயதுப் பையன் கைத்தொலைபேசியில் அந்த முடிவைப் பார்த்து, தான் எந்தத் தவறும் செய்யாதிருக்கத் தன் உழைப்பு வீணாயிற்றே என்று எண்ணினால், அவனுக்கு ஆறுதல் சொல்ல நம்மிடம் நியாயம் எதுவும் இல்லை.

இத்தகைய முடிவு தற்செயலாக நேர்வது மட்டுமன்று. நேரும்படி விதியே ஊக்குகிறது. மூன்றாம் பகுதியின் கடைசிப் பத்து நிமிஷத்தில் சமமாக நிற்கும் இரு அணிகளுக்கும், துணிந்து தாக்கினால் ஒன்றுமில்லாமற் போகலாம் என்ற பயமும், பொறுமையாகக் காலங் கடத்தினால் ஒரு புள்ளி நிச்சயம் என்ற ஆசையும் ஒருங்கே எழுகின்றன. எதிரணி நம் பிரிவைச் சேர்ந்ததாயின், அதற்குக் கிடைக்கும் புள்ளி நமக்கும் கேடு என்பதால் இந்த ஆசை ஓரளவு கட்டுப்படும். எதிரணி லீக்கின் மேற்குப் பாதியிலிருந்து வந்ததாயின், அதற்குப் புள்ளி போவதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தடுப்பு வேலி முற்றாக விலகிவிடுகிறது. மேலதிக நேரத்தின் ஐந்து நிமிஷத்திலிருந்த கோழைத்தனத்தை விரட்டுவதற்காகச் செய்த விதி, அதை அங்கிருந்து கிளப்பி உரிய நேரத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் குடியேற்றிவிட்டது. ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வயதில் உள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல பாடமல்ல என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

போட்டி கடைசி வாரம் வரை நெருக்கமாக இருக்கிறது என்பதே இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பிரதானமான வாதம். நெருக்கமாகத் தோன்றுகிறது என்பது மெய். ஆனால் பலம் நெருங்காமல் எண்கள் மட்டும் நெருங்கியிருக்கும்போது, துரத்துபவர் முந்துவது முன்னைவிடக் கடினமாகிறது என்பதை மேலே கண்டோம். பரிகாரம் தூரத்தில் இல்லை. அறுபது நிமிஷத்துக்குள் வென்றவருக்கு மூன்று, பின்னர் வென்றவருக்கு இரண்டு, பின்னர் தோற்றவருக்கு ஒன்று என்று வைத்தால் எல்லா ஆட்டமும் மூன்று புள்ளி ஆட்டமாகிவிடும். இளையோர் உலகப் போட்டியில் சர்வதேச சம்மேளனம் இம்முறையையே கையாளுகிறது; 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கும் முதல் நாளிலிருந்தே இதை மேற்கொண்டது.

சரி, நம் அணியின் வாய்ப்பு எப்படி என்று கேட்பவர்களுக்கு இப்போது வருகிறேன். ஒவ்வொரு பாதியிலும் பத்து அணிகளில் எட்டு உள்ளே போகும் ஏற்பாட்டில், பிளேஓஃப் பிரவேசம் என்பது ஒரு பெருமையாகாது. உள்ளே போன பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி. அதற்குப் பட்டியலைப் படித்துப் பயனில்லை, ஏனெனில் பிளேஓஃபில் மூவர் ஆட்டமும் இல்லை, ஷூட்அவுட்டும் இல்லை. பக்கத்துக்கு ஐவராக, இருபது இருபது நிமிஷமாக, ஒரு கோல் விழும்வரை ஆட வேண்டும். திறந்த பனித்தளத்தில் வேகமான இரண்டு பேரை வைத்துக்கொண்டு புள்ளி சேர்த்த அணி, நான்கு வரிசையும் உழைக்க வேண்டிய அந்த ஆட்டத்தில் திணறும். அங்கே கைகொடுப்பவர் எதிர்பாராத ஒருவராயிருக்கலாம் என்பதற்கு ஒஷாவாவே உதாரணம்: 2015-ல் கியூபெக் நகரில், கனடிய இளையோர் ஹொக்கியின் உச்சப் போட்டியான மெமோரியல் கிண்ண இறுதியாட்டம் கெலோனாவுக்கு எதிராக மேலதிக நேரத்துக்குச் சென்றபோது, ஒஷாவாவின் இரண்டு கோல்களையும் அடித்து 2-1 என்று முடித்து வைத்த அன்ரனி சிரெல்லி, லீக்கின் வருடாந்தர வீரர் தெரிவில் எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாமல், பயிற்சி முகாமில் ஆடிக் காட்டி இடம் பிடித்த பையன்.

ஆகவே வாசகர்கள் ஒரு காகிதத்தை எடுத்து, ஒஷாவாவுக்கும் கிங்ஸ்ரன், ஒட்டாவா, பீற்றர்பரோ, பிறான்ற்போர்ட் முதலிய பிரிவுப் போட்டியாளர்களுக்கும் அறுபது நிமிஷத்துக்குள் பெற்ற ஜயங்களை மாத்திரம் எண்ணிப் பார்க்கட்டும். பின்னர் ஜனவரி பத்தாம் தேதியை ஒட்டி வரும் வீரர் மாற்றக் கெடுவுக்குப் பிந்திய ஆட்டங்களை மட்டும் தனியாக எண்ணட்டும். கெடுவுக்கு முந்திய புள்ளிகளைச் சேர்த்தது பல சமயம் வேறோர் அணி என்றே சொல்ல வேண்டும். 2022-23 பருவத்தில் பீற்றர்பரோ பீற்ஸ் கிழக்கில் நாலாம் ஸ்தானத்தில்தான் முடித்தது. ஆனால் ஜனவரியில் மிசிசாகாவிலிருந்து ஓவன் பெக்கைக் கொண்டுவந்து பலப்படுத்தப்பட்ட அந்த அணி, கிழக்கில் முதலிடம் பெற்ற ஒட்டாவாவையும் இறுதியில் லண்டன் நைற்ஸையும் வீழ்த்தி லீக் கிண்ணத்தை எடுத்தது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு: பதினாறு வயதுப் பருவத்தில் 72 கோல் அடித்த ஜோன் தவாரெஸை, ஒஷாவா 2009 ஜனவரியில் லண்டனுக்கு மாற்றிக் கொடுத்தது, அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பள்ளிப் படிப்பின் நடுவில், பழகிய வீட்டாரை விட்டு, ஒரு தொலைபேசி அழைப்பில் ஊர் மாறும் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

எஞ்சிய கேள்விகள்.

ஜெனரல்ஸ் அண்மையில் எவ்வளவு தூரம் சென்றது? 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக் இறுதித் தொடர் வரை; இரு முறையும் லண்டனிடம் தோல்வி.

லீக் கிண்ணம் வெல்லாத அணி மெமோரியல் கிண்ணத்தில் ஆட முடியுமா? போட்டியை நடத்தும் ஊரின் அணிக்கு ஆசனம் நிச்சயம் என்பதால் முடியும். 2024-ல் லீக்கின் அரையிறுதியில் லண்டனிடம் தோற்ற சாகினோ, தன் சொந்த ஊரில் அதே லண்டனை 4-3 என்று வென்று மெமோரியல் கிண்ணத்தைப் பெற்றது.

ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை ஆட்டம்? ஏழு ஆட்டத் தொடர். நான்கை வென்றவர் மேலே போவார்.

இருபது வயதுப் பையன்கள் எத்தனை பேர் ஆடலாம்? அணிக்கு மூவர்.

இந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் சேர முடியாது என்பது மெய்யா? 2025 ஆகஸ்ட் முதல் தேதியோடு அந்தத் தடை நீங்கிவிட்டது.