ஒரு கால் மட்டும் சில்லிட்டால்...

மோதி பாக் ஜனவரிக் குளிரில் யாருக்குத்தான் கால் சில்லிடாது? அதனால், போன வருஷம் என் மைத்துனர் "வலது கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு அத்திம்பேர்" என்றபோது, நான் தைலம் தேய்த்து வெந்நீர்ப் பையும் வைத்துவிட்டேன். மூன்று நாள் இந்த வைத்தியம். நான்காம் நாள் பாதம் வெளுத்து, விரல்கள் மரத்துவிட்டன. கணுக்காலில் நாடியைத் தேடினேன், அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் முதல் கேள்வி, "எப்போது ஆரம்பித்தது?" ரத்தம் அடியோடு நின்றால் தசையும் நரம்பும் சுமார் ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்குமாம். இவர் பழைய சிகரெட் பிரியர். மலை மந்திர் படியேறும்போது கெண்டைக்கால் வலித்து இரண்டு இடத்தில் நிற்பார். குழாய் பல வருஷமாகவே சுருங்கி வந்ததால் பக்கக் கிளைகள் வளர்ந்து, அவற்றின் வழியே கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கால் தப்பியது அதனால்தான்.

முதலில் டாப்ளர் சோதனை. டாப்ளர் சொன்ன விதியை 1845-இல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்துத்தான் சரிபார்த்தார்கள். ரயில்வேக்காரன் இதைச் சொல்லாமல் விடலாமா!

பிறகு ஆஞ்சியோகிராம். சாயம் செலுத்தி எடுத்த படத்தில் தொடைத் தமனி வெட்டினாற்போல் நின்றிருந்தது. டாக்டர் பார்த்ததோ முழங்காலுக்குக் கீழே. அங்குள்ள மூன்று கிளைகளில் ஒன்று மெல்லிய கோடாகத் தெரிந்தது. கட்டியைக் கரைத்தாலும் ரத்தம் போய்ச்சேரக் கீழே வழி வேண்டுமே! வெள்ளத்தில் பாதை அரித்துப்போனால், உடைப்பை மட்டுமா பார்ப்போம்? அதற்கப்பால் தண்டவாளம் நிற்கிறதா என்றும் பார்ப்போம்.

அடுத்து ஒரு மெல்லிய கம்பியைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். புதுக்கட்டி இளகி வழிவிடும். பழையது இறுகிப்போய் மறிக்கும். வண்டி விடுமுன் நாங்கள் டிராலி தள்ளிப் பார்ப்பதுபோலத்தான். கம்பி போயிற்று. "மருந்து வேலை செய்யும் என்று நம்பலாம்" என்றார் டாக்டர்.

கட்டிக்குள்ளேயே குழாய் வைத்துக் கரைப்பான் மருந்தைச் சொட்டுச்சொட்டாக விடும் முறையை 1974-இல் அமெரிக்கர் சார்லஸ் டாட்டர் வெளியிட்டார். 1994-இல் அங்கே வெளிவந்த 'ஸ்டைல்' ஆய்வில், அடைப்பு ஏற்பட்டுப் பதினான்கு நாளுக்குள் வந்தவர்களுக்கு இந்த மருந்தும், அதற்கு மேல் போனவர்களுக்கு அறுவையும் காலைக் காப்பாற்றுவதில் மேலாக இருந்தன. ஆனால் படம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அண்மையில் பக்கவாதமோ பெரிய ஆபரேஷனோ ஆனவர்களுக்கு இந்த மருந்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. அதையும் துருவித் துருவிக் கேட்டார்கள்.

இரவு முழுக்க மருந்து இறங்கியது. மறுநாள் படத்தில் கட்டி கரைந்து, அதன் அடியில் ஒளிந்திருந்த பழைய சுருக்கம் வெளிப்பட்டது. அதைப் பலூனால் விரித்தார்கள். கால் பிழைத்தது, இரண்டு விரல் நுனிகள் போயின. அது என் மூன்று நாளின் கணக்கு.

அன்பர்களே, ஒரு கால் மட்டும் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலித்தால் சூடு வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ரத்தக்குழாய் நிபுணர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே வண்டி பிடியுங்கள்.

மைத்துனர் இப்போது மலை மந்திர் படியை ஒரே மூச்சில் ஏறுகிறார். தைலப் பாட்டிலை மட்டும் என் மனைவி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்.