கிரேக்கர் காலாட்படையின் பின்வரிசைகள்

யுத்த சரித்திரங்களில் புகழ் பெறுவோர் பெரும்பாலும் முன்னணியில் நின்றவரே. நம் முன்னோர் முற்படையைத் தூசி என்றும் தார் என்றும் வழங்கினர். பிற்படைக்குக் கூழை எனப் பெயரிட்டதோடு, பின்வாங்கும் தன் படைக்குப் பின்னே தனித்து நின்று பகைவரைத் தாங்கும் வீரனது செயலை எருமைமறம் என ஒரு துறையாகவும் வகுத்தனர். ஆயின், பகைவன்மேல் ஆயுதம் எட்டாத தூரத்தில் நிற்கும் வரிசைகளால் போர்க்களத்தில் ஆவது யாது? பண்டைக் கிரேக்கரின் போர்முறை இதற்கு விடையளிக்கின்றது.

கிரேக்க நகரங்களின் காலாட்கள் பாலங்க்ஸ் என்னும் செறிந்த அணியாக நின்று பொருதனர். எட்டு வரிசை ஆழம் வழக்கமாயிருந்தது. ஈட்டி எட்டுவதோ முதல் இரண்டு மூன்று வரிசைகளுக்கே. ஏனையோர் கேடயத்தால் முன்னவரை உந்தித் தள்ளினர் என்பர் ஒருசார் ஆராய்ச்சியாளர். அவ்வாறு கூறுவது வெறும் உருவகமே என்பர் பிறர். எங்ஙனமாயினும், முன்னவன் வீழ்ந்தால் அவனிடத்தை நிரப்புதலும், அவன் புறங்காட்டாதபடி வழியடைத்து நிற்றலும் பின்னவரின் கடமையாம்.

சிறந்தோரை முதலிலும் கடையிலும் நிறுத்தி, எளியோரை இடையில் வைக்கவேண்டும் என்னும் விதி செனபன் நூலில் காணப்படுகின்றது. முன்னவர் இழுக்கப் பின்னவர் தள்ள, இடையிலுள்ளார் தாமே செல்வர். கடையாளுக்கு ஊராகோஸ், அதாவது வால்தலைவன், என்று பெயர். மேச்சேரியில் செம்மறி ஓட்டுவோரைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். கோலுடையான் நடப்பது மந்தைக்குப் பின்னேயன்றோ? (ஆட்டோடு ஒப்பிட்டதைக் கிரேக்க வீரர் பொறுப்பாராக.)

கி.மு. 371-இல் லியூக்திராப் போரில் தீபர் தம் இடப்பக்கத்தை 50 வரிசை ஆழமாக்கி, 12 வரிசையே கொண்ட ஸ்பார்த்தரை முறித்தனர். எனினும் ஆழம் மிகுந்தால் அகலம் குன்றும். பகைவர் பக்கத்தில் வளைத்துக்கொள்வர்.

மக்கெதோனியர் பொதுவாக 16 வரிசையாக நின்றனர். அவர்தம் சாரிசா ஏறக்குறைய 18 அடி நீளமுள்ள ஈட்டி. அதனை இரு கைகளாலும் பிடிப்பர். முதல் 5 வரிசையினரின் ஈட்டிமுனைகள் அணிக்கு முன்னே நீண்டிருக்கும் எனப் போலிபியுஸ் விவரிக்கின்றார். அவர்க்குப் பின்னுள்ளோர் தம் ஈட்டிகளை முன்னவர் தோளுக்குமேல் சாய்த்து உயர்த்தி, பாய்ந்துவரும் படைக்கலங்களைத் தடுப்பர். தம் உடற்பாரத்தால் முன்னோரை நெருக்கித் திரும்பவொட்டாமலும் செய்வர்.

இவ்வணி நம் தேசத்து யானைகளைச் சந்தித்தது கி.மு. 326-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள ஜீலம் நதிக்கரையில். போரஸ் மன்னன் ஏறக்குறைய 200 யானைகளை முன்னிறுத்தினான் என்று அர்ரியன் எழுதுகின்றார். அலெக்சாந்தரின் வெற்றிக்குப் பெருங்காரணம் குதிரைப்படையே. ஆயினும் காலாட்கள் செய்ததும் சிறிதன்று. யானைகள் பாய்ந்த இடங்களில் செறிந்த அணியும் சிதைந்தது. வீரர் விலகி வழிவிட்டு, அவை திரும்புகையில் எறிபடைகளால் தாக்கினர். நெருக்கத்தில் சிக்கிய யானைகள் தம்மவரையும் மிதித்தன. அவை களைத்தபின், கேடயங்களை இணைத்து முன்னேறும்படி அலெக்சாந்தர் காலாட்களுக்குக் கட்டளையிட்டான். சிதறிய வரிசைகள் மீண்டும் கூடிச் சென்றன.

போரஸோ, தன் சேனையில் ஒரு பகுதியேனும் நிலைத்து நின்றமட்டும் பொருது, வலத்தோளில் காயமுற்ற பின்னரே தன் யானையைத் திருப்பினான்.