‘கேட்’ என்னும் சொல்லும் ‘வாயில்’ என்னும் சொல்லும்

ஆங்கிலத்தினின்று பேச்சுத்தமிழிற் புகுந்து நிலைபெற்ற சொற்களுள் ‘கேட்’ என்பதும் ஒன்று. அதற்கு ‘வாயில்’ எனப் பொருள் எழுதி அமைதல் பெருவழக்கு. இவ்விரண்டும் ஒருபொருட் சொற்களே எனின், ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்றை வைத்தல் எளிதாதல் வேண்டும். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் மக்கள் வழங்குமாற்றை நோக்கின், அஃது அத்துணை எளிதன்று என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் இச்சொல் மதிலிடைத் திறப்பையும், அதனை அடைக்கும் கதவையும் ஒருங்கே குறிக்கும். இங்கிலாந்தின் யார்க் நகரில் ‘கேட்’ என முடியும் பெயர்கள் பல தெருக்களுக்கு உரியவை; அவற்றில் உள்ளது தெருவைக் குறித்த பழைய நார்சு மொழிச்சொல். அந்நகர மதிலின் வாயில்களோ ‘பார்’ எனப்படும். ஆகவே, பிறந்த நாட்டிலும் இச்சொல் ஒருபொருட்கே உரியதன்று.

தமிழில் ‘வாயில்’ என்பது ‘இல்வாய்’ என்பதன் சொற்கள் முன்பின்னாக மாறியமைந்த இலக்கணப்போலி என்பர். திறப்பே அதன் அடிப்பொருள். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே வழியாக நிற்கும் தோழி, பாணன், விறலியர் முதலியோரைத் தொல்காப்பியக் கற்பியல் ‘வாயில்கள்’ என்றது இப்பொருள் பற்றியே. ‘வாயிலாக’ என்னும் இன்றைய வழக்கும் இதன் வழியதே. அடைப்பனவற்றுக்குக் கதவு, கதவம், புதவு, படல் எனப் பெயர்கள் வேறு உள. பெருங்கதவினுள் அமைந்த சிறுவழி திட்டிவாசல். நீரை அடைத்துத் திறப்பது மதகு. ‘வாயிற்கதவு’ என்னும் தொடரே வாயில் வேறு, கதவு வேறு என்பதற்குச் சான்றாகும்.

இனித் திருவரங்கத்து வழக்கைக் காண்போம். ‘வாயில்’ என்பது மருவி வந்த ‘வாசல்’ என்னும் வடிவமே அங்குப் பயில்வது. ஆரியபடாள் வாசல், நாழிகேட்டான் வாசல், வைகுண்ட ஏகாதசியன்று திறக்கப்பெறும் பரமபத வாசல் என்பன கோயில் வழக்கு. 1987 மார்ச் 25-இல் குடமுழுக்குக் கண்ட பதின்மூன்று நிலை இராசகோபுரமும் வாயிலின் மீது எழுந்ததே. இவற்றுள் எதனையும் ‘கேட்’ என்பாரில்லை. ‘நாழிகேட்டான்’ என்பதில் உள்ளது ‘கேள்’ என்னும் வினை. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு மயங்குதல் கூடாது. ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் ‘கேட்டு’ என உகரம் பெற்று, ‘கேட்டை’ என ஐயுருபு ஏற்கும். ‘கேடு’ என்னும் பெயர் ஐயுருபு ஏற்ற வடிவமும், ஒரு நாண்மீனின் பெயரும் அதுவே.

வீட்டு வழக்கு இன்னும் தெளிவானது. ‘கேட்டைத் திறந்து வாசலைத் தெளித்தாள்’ என்னும் தொடரில் இரண்டு சொற்களும் அருகருகே வருகின்றன. கேட் என்பது இரும்புக் கதவு. வாசல் என்பது கோலம் இடும் வெளி. கதவுக்கு அப்பாலுள்ள நிலத்தையும் வாசல் தழுவுகிறது. அப்பொருள் ஆங்கிலச் சொல்லுக்கு இல்லை. இங்கு ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பின் பொருள் கெடும்.

நகருள் ‘கேட்’ இடப்பெயராகவும் நிற்கிறது. மெயின்கார்டு கேட் பழைய கோட்டையின் வாயில். தலைமைக் காவற்படை நின்றமை பற்றிய பெயர் அது. இன்று அப்பெயர் அதனைச் சூழ்ந்த கடைவீதியையும் குறிக்கும். நம்பர் 1 டோல்கேட், டி.வி.எஸ். டோல்கேட் என்பனவும் சுங்கம் தண்டிய நிலை மாறியபின் ஊர்ப்பகுதிகளின் பெயர்களாக எஞ்சியவை.

இவற்றையெல்லாம் ‘வாயில்’ என ஒரு சொல்லால் பெயர்த்தால் வரும் கேடு யாது? அடைப்பையும் வாயில் என்றே எழுதிப் பழகிய மாணவர்க்கு ‘வாயில் மறுத்தல்’ என்னும் அகத்துறை மயக்கம் தரும். வழியாக வந்தவரை மறுத்தல் என்பதே அதன் பொருள். வாயிலை அடைப்பு எனக் கொள்வார்க்கு அது தலைகீழாகத் தோன்றும்.

யாழ்ப்பாணத் தமிழர் வேறொரு வழி காட்டினர். ஓலையாலும் முள்ளாலும் செய்த படலுக்கு இனமான ‘படலை’ என்னும் சொல்லை இரும்புக் கதவுக்கும் நீட்டினர். இலங்கைப் பாடநூல்கள் மின்னணுவியலில் வரும் ‘லாஜிக் கேட்’ என்பதையும் ‘தர்க்கப் படலை’ என்றன. இருப்புப்பாதையைக் குறுக்கே கடக்கும் இடம் அங்குக் ‘கடவை’ எனப்படும். நம் நகரிலும் நல்ல சான்று ஒன்று உண்டு. கோட்டையை ஒட்டிய ‘வெஸ்ட் பொலிவார்டு ரோடு’ மக்கள் வாயில் ‘மேலப்புலிவார்டு ரோடு’ ஆயிற்று. தமிழில் அதனை ‘மேலரண் சாலை’ என்றனர். ‘பொலிவார்டு’ என்னும் பிரெஞ்சுச் சொல் தொடக்கத்தில் கோட்டை அரணையே குறித்தது. ஆதலின் அப்பெயர்ப்பு சொல்லின் வேரையும் இடத்தின் வரலாற்றையும் ஒருங்கே காத்தது.

எனவே, அகராதியில் ‘கேட்’ என்பதற்கு ஒரு சொல் எழுதி அமைதல் போதாது. திறப்பாயின் வாயில், அடைப்பாயின் கதவு அல்லது படலை, நீரடைப்பாயின் மதகு, பாதையைக் கடக்கும் இடமாயின் கடவை எனப் பொருள்தோறும் பிரித்து எழுதுதல் வேண்டும். இடப்பெயராயின் அதன் வரலாறு அறிந்த பின்னரே பெயர்த்தல் தகும்.