கருவிழியின் மறுபக்கம்

கண்ணின் முகப்பில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் ஒளிபுகு படலத்தை மருத்துவ நூல்கள் கார்னியா என்று குறிக்க, பேச்சு வழக்கு கருவிழி என்கிறது. நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் இப்படலத்துக்கு இரண்டு வளைபரப்புகள் உண்டு. கண்ணீர் போர்த்திய முன்பரப்பின் வளைவு ஆரம் சராசரியாக 7.8 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் நீர்மத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்பரப்பின் ஆரம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். ஆரம் குறைந்தால் வளைவு கூடும் என்பதால் பின்பரப்பே அதிகம் வளைந்தது. ஆயினும் காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளிவிலகல் எண் 1இலிருந்து 1.376க்குத் தாவுவதால், முன்பரப்பு ஏறத்தாழ 48 டையாப்டர் திறனோடு ஒளியைக் குவிக்கிறது. கார்னியாவை விட்டு நீர்மத்துக்குள் செல்கையில் அவ்வெண் 1.336ஆகச் சிறிதே குறைவதால், பின்பரப்பு அத்திறனில் ஏறத்தாழ 6 டையாப்டரைக் கழித்துவிடுகிறது. கால் டையாப்டர் வேறுபாட்டுக்கும் மூக்குக்கண்ணாடி மாற்றப்படுகிறது என்பதை எண்ணினால், இந்த 6 எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும்.

இருந்தும் இப்பரப்பு நெடுங்காலம் அளக்கப்படவில்லை, ஊகிக்கப்பட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அமைத்த கருவியும், அதன் வழியில் 1881இல் ஷாவல், ஷியோட்ஸ் இருவரும் உருவாக்கிய கருவியும், கார்னியாவை ஒரு குவி ஆடியாகக் கொண்டு, அதில் தெரியும் ஒளியுருவின் அளவிலிருந்து வளைவைக் கணக்கிட்டன. பின்பரப்பும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்றாலும், அந்த உரு முன்பரப்பு உருவின் ஒளியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே உடையதாய், அதற்கு மிக அருகில் விழுந்து அதன் பளபளப்பில் மறைந்துபோகிறது. எனவே பின்வளைவு முன்வளைவோடு மாறாத விகிதத்தில் இருக்கும் என்று கொண்டு, 1.3375 என்னும் கற்பித எண்ணால் மொத்தத் திறனையும் கணக்கிட்டனர். இயல்பான கண்களுக்கு இந்த ஊகம் பெரும்பாலும் போதுமானதே. இயல்பு மாறிய கண்களில்தான் அது கைவிட்டுவிடுகிறது.

பின்பரப்பைப் படம்பிடிக்கும் வழி, வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் கலையிலிருந்து வந்தது. ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பொருளின் தளமும் லென்ஸின் தளமும் படத்தின் தளமும் ஒரே கோட்டில் சந்திக்குமாறு சாய்க்கப்பட்டால், சாய்ந்த பரப்பு முழுவதும் தெளிவாகப் பதியும். இக்காலக் கருவியில் நோயாளி முகவாயைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியை உற்றுநோக்க, மெல்லிய நீல ஒளிக்கீற்று கார்னியாவைக் குறுக்கே வெட்டிக் காட்ட, கேமரா சுழன்றபடியே சுமார் 2 விநாடிகளில் 25 அல்லது 50 படங்களை எடுத்துவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் கார்னியா வெளிறிய வில்லாகத் தெரிய, அவ்வில்லின் உள்விளிம்பே பின்பரப்பு. ஆனால் தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம் மேலெழுந்து தோன்றுவதுபோல, முன்பரப்பின் வழியே பார்க்கப்படும் இவ்விளிம்பும் இடம் மாறித் தோன்றுவதால், முன்வளைவையும் ஒளிவிலகலையும் கொண்டு கணினி அதைத் திருத்தியாக வேண்டும். முன்பரப்பின் அளவில் நேரும் பிழை பின்பரப்பையும் தொற்றும். அகச்சிவப்பு ஒளியின் குறுக்கீட்டு விளைவால் ஆழத்தை அளக்கும் ஓசிடி முறையும் இன்று இதே பணிக்குப் பயன்படுகிறது.

இவ்வளவு முயற்சியின் பயன் கெரட்டோகோனஸ் நோயில் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, கார்னியாவை மெலியச் செய்து கூம்பாகப் பிதுங்க வைக்கும் இந்நோயில், முன்பரப்பின் மேல்தோல் மேட்டின்மீது மெலிந்து குறையை மூடிவிடுவதால், முதல் அடையாளம் பலருக்குப் பின்பரப்பிலேயே சில மைக்ரான் உயரமுள்ள பிதுக்கமாகக் காணப்படுகிறது. அதைக் காணாமல் பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை செய்துவிட்டால், ஏற்கெனவே வலுக்குன்றிய கார்னியா மேலும் தளர்ந்துவிடும்.

லேசர் சிகிச்சை முடிந்த கண்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. கிட்டப்பார்வைக்கான லேசிக் முன்பரப்பைத் தட்டையாக்கிவிட்டுப் பின்பரப்பைப் பெரிதும் தொடாமல் விடுவதால், பழைய விகிதம் குலைகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அதே கண்ணில் கண்புரை தோன்றும்போது, பழைய கணக்கு கார்னியாவின் திறனை மிகையாகக் காட்ட, தேவையைவிட வலுக்குறைந்த செயற்கை லென்ஸ் பொருத்தப்பட்டு, பார்வை தூரப்பார்வைக் குறைபாட்டின் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே லேசிக் செய்துகொண்டவர்கள் சிகிச்சைக்கு முந்தைய அளவுக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தி வைப்பதும், கண்புரை அறுவைக்குச் செல்லும்போது லேசிக் செய்துகொண்டதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவித்து, கார்னியாவின் பின்பரப்பும் அளக்கப்படுகிறதா என்று கேட்டறிவதும் அவசியம்.