யாருக்கு முதல் தண்ணீர்?
வகுப்பறைப் பாடமும் வயல் கணக்கும்

வேளாண்மைக் கல்லூரியில் பயிர், மண், உரம் பற்றி மட்டுமே கற்பிக்கப்படுகிறது என்று உழவர் பலர் எண்ணுகின்றனர். சுற்றுச்சூழலும் எரிசக்தியும் நீர்ப் பங்கீடும் இன்று அங்கே பாடங்களாக உள்ளன. அவற்றால் தாமிரபரணிப் பாசன உழவர்களுக்கு என்ன பயன் என்பதைக் காண்போம்.

பாடமாக வந்த விதம்

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. அதையொட்டிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆறு மாதப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது.

ஆறே பாடநூல்

இப்பாடத்திற்குத் தாமிரபரணியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. பாபநாசத்தில் திறக்கப்படும் நீர், 1944-இல் தொடங்கிய மின் நிலையத்தில் மின்சாரம் தருகிறது. பின்னர் அதே நீர் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் வழியே ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாய்கிறது. ஊர்களின் குடிநீர்த் தேவைக்கும் ஆலைகளின் தேவைக்கும் இந்த ஆற்றையே நாடுகின்றனர்.

ஜூன் மாதத்தில் அணையில் நீர் குறைவாக இருந்தால் யாருக்கு முதலில் தருவது? வகுப்பில் மாணவர்களை மேல்மடை உழவர், கடைமடை உழவர், குடிநீர் வாரியம், ஆலை என நான்கு அணிகளாகப் பிரித்து வாதிடச் செய்கிறோம். 1987, 2002 ஆகிய ஆண்டுகளின் தேசிய நீர்க்கொள்கைகள் குடிநீருக்கு முதலிடமும் பாசனத்திற்கு இரண்டாமிடமும் அளித்தன. 2012-ஆம் ஆண்டுக் கொள்கையோ குடிநீர், உணவுப் பாதுகாப்பு, ஆற்றின் உயிர்ச்சூழல் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தேவைகளுக்கு முன்னுரிமை கூறி, எஞ்சிய நீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதச் சொல்கிறது. ஆனால் மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையே பங்கிடும் முறையை எந்தக் கொள்கையும் வரிசைப்படுத்தவில்லை. கார் பருவத்தில் திருவைகுண்டம் பகுதி உழவர் நாற்று விடலாமா, கூடாதா என்பது இந்தப் பங்கீட்டைப் பொறுத்ததே.

வயலில் போட வேண்டிய கணக்கு

ஓர் ஏக்கரில் 1 செ.மீ. உயரம் நீர் நிறுத்த ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும், 5 செ.மீ. என்றால் 2 லட்சம் லிட்டர். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். இலவச மின்சாரம் என்பதால் இச்செலவு நம் கண்ணில் படுவதில்லை.

கிணற்றுப் பாசன நெல் வயலில் 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, 15 செ.மீ. ஆழம் மண்ணில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றவும். நட்ட இரண்டு வாரத்திற்குப் பின், குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. நீர் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயல் காயக் கூடாது.

கால்வாய்ப் பாசனத்தில் முறை வரும் நாளை நாம் தீர்மானிக்க இயலாது. அங்கு வரப்பு ஓட்டைகளை அடைப்பதும், வயலுக்கு வயல் பாய்ச்சாமல் வாய்க்கால் வழியே பாய்ச்சுவதும் ஏற்றவை. வடியும் நீரில் ஒரு பகுதி ஆற்றுக்கே திரும்பினாலும், உரத்தையும் பூச்சிமருந்தையும் உடன் கொண்டு செல்கிறது.

சங்கத்தில் பேசுங்கள்

தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தண்ணீர் வந்த நாள், பாய்ந்த நேரம், நின்ற உயரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்துச் சங்கக் கூட்டத்தில் எடுத்துக் கூறுங்கள். மேல்மடையாரும் கடைமடையாரும் தத்தம் கணக்கைக் கொண்டு வந்தால், குறைந்த நீரையும் சச்சரவின்றிப் பங்கிட வழி பிறக்கும்.